ஹோம் பிளேட்டில் நடுவரின் கை எப்போது உயரும், எப்போது உயராது

பேஸ்பாலில் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால், கேட்சரின் தோளையொட்டிக் குனிந்து நிற்பவர் பிளேட் நடுவர். பிட்சர் பந்து வீசும் மேடு அங்கிருந்து 60 அடி 6 அங்குலத் தொலைவில் இருக்கிறது. மணிக்கு 95 மைல் வேகத்தில் வரும் பந்து அந்தத் தூரத்தைக் கடக்க அரை விநாடிகூட ஆவதில்லை. 17 அங்குல அகலமுள்ள பிளேட்டின் மேல் பந்து வந்ததா, பேட்டர் மட்டையைச் சுழற்றினாரா, கேட்சர் சுத்தமாகப் பிடித்தாரா என்ற கேள்விகளுக்கெல்லாம் அதற்குள் அவர் விடை கண்டாக வேண்டும். அந்த விடையைச் சொல்லும் கையசைவு அரங்கத்துக்கான அறிவிப்பு மட்டுமல்ல. ஆட்டம் தொடர்கிறதா, நின்றுவிட்டதா என்பதைக் களத்தில் ஓடிக்கொண்டிருப்பவர்கள் அதைப் பார்த்தே தெரிந்துகொள்கிறார்கள்.

அடிப்படைச் சைகைகள் சிலவே. பேட்டருக்கு எதிராகக் கணக்கிடப்படும் பந்து, அதாவது ஸ்டிரைக் என்றால் வலது கை அசையும். அசைக்கும் பாணி நடுவருக்கு நடுவர் மாறும். அவருக்குச் சாதகமாகக் கணக்கிடப்படும் பால் என்றால் வாய்ச்சொல் மட்டும்தான், கை அசையாது. அவுட்டுக்கு வலது முஷ்டி உயரும், சேஃபுக்கு இரு கைகளும் பக்கவாட்டில் விரியும். அடித்த பந்து களத்தின் எல்லைக் கோட்டுக்கு வெளியே போனால் இரு கைகளையும் தூக்கி ‘ஃபௌல்’ என்று உரக்கக் கத்துவார். கோட்டுக்கு உள்ளே விழுந்தால் அது ‘ஃபேர்’, அப்போது சத்தமே கொடுக்காமல் களத்தை நோக்கிக் கையை நீட்டுவார். ஃபேர், ஃபௌல் என்ற இரண்டும் ஒரே ஓசையில் தொடங்குகின்றன. இரைச்சலான அரங்கில் பாதிச் சொல் காதில் விழுந்து ரன்னர் நின்றுவிட்டால் இழப்பு அவருக்கு. அதனால் ஆட்டத்தை நிறுத்தும் தீர்ப்புக்குத்தான் குரல், தொடரவிடும் தீர்ப்புக்கு மௌனம்.

மட்டையில் லேசாக உரசிய பந்து நேராகக் கேட்சரின் கையுறைக்குள் போய் நின்றால் அது ஃபௌல் டிப். ஸ்டிரைக்காகக் கணக்கிடப்படும், ஆட்டமும் தொடரும். முதல் பேஸிலிருந்து திருட ஓடிய ரன்னர் இரண்டாவது பேஸிலேயே இருக்கலாம். அதே பந்து கையுறையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தால் அது வெறும் ஃபௌல், ரன்னர் திரும்பி வர வேண்டும். மட்டையில் பட்ட ஓசை இரண்டிலும் ஒன்றுதான். ஒரு கையின் விரல்களை மற்றொரு கையின் புறங்கையில் தேய்த்துக் காட்டிவிட்டு நடுவர் ஸ்டிரைக் சைகை தரும்போதுதான் வித்தியாசம் விளங்குகிறது.

பேட்டர் பாதி சுழற்றி நிறுத்திய மட்டையைக் கேட்சரின் பின்னாலிருந்து கணிப்பது கடினம். பிளேட் நடுவர் பால் என்று சொன்னதை எதிரணி மறுத்துக் கேட்டால், அவர் முதல் அல்லது மூன்றாவது பேஸ் நடுவரை நோக்கிக் கையை நீட்டுவார். அங்கிருந்து முஷ்டி உயர்ந்தால் சுழற்றினார் என்று பொருள், கைகள் விரிந்தால் இல்லை என்று பொருள். இந்தக் கேள்வி பதிலுக்கு நடுவிலும் ரன்னர்கள் ஓடலாம்.

ஒரே அசைவுக்கு இரு பொருள் வந்துவிட்டால் என்ன நடக்கும் என்பதை 2005 அக்டோபர் 12 அன்று சிகாகோவில் நடந்த ஆட்டம் காட்டியது. அமெரிக்கன் லீக் சாம்பியன்ஷிப் தொடரின் இரண்டாவது ஆட்டம் அது. ஒயிட் சாக்ஸ், ஏஞ்சல்ஸ் அணிகள் 1-1 என்று சமநிலையில் இருந்தன. ஒன்பதாவது இன்னிங்ஸின் பிற்பாதியில் இரண்டு பேர் அவுட். ஒயிட் சாக்ஸின் ஏ.ஜே. பியர்ஸின்ஸ்கி தாழ்வாக வந்த பந்துக்கு மட்டையைச் சுழற்றித் தவறவிட்டார். மூன்றாவது ஸ்டிரைக். ஆனால் கேட்சர் அந்தப் பந்தைத் தரையில் படாமல் பிடித்தால்தான் பேட்டர் அவுட். தரையில் பட்டிருந்தால், முதல் பேஸ் காலியாக இருக்கும்போதோ இரண்டு அவுட் ஆன பிறகோ பேட்டர் முதல் பேஸுக்கு ஓடலாம். பிளேட் நடுவர் டக் எடிங்ஸ் வலது கையைப் பக்கவாட்டில் நீட்டினார், பிறகு முஷ்டியை மடக்கினார். அதை அவுட் என்று எடுத்துக்கொண்ட கேட்சர் ஜாஷ் பால், பந்தைப் பிட்சர் மேட்டை நோக்கி உருட்டிவிட்டு நடந்தார். பியர்ஸின்ஸ்கி முதல் பேஸுக்கு ஓடினார். முஷ்டி மடக்கியது மூன்றாவது ஸ்டிரைக்குக்குத் தான் வழக்கமாகக் காட்டும் சைகைதான், அவுட்டுக்கு அல்ல என்று எடிங்ஸ் பின்னர் விளக்கினார். பியர்ஸின்ஸ்கிக்கு மாற்றாக இறங்கிய பாப்லோ ஒசூனா இரண்டாவது பேஸைத் திருட, ஜோ கிரீடி அடித்த அடியில் ஒயிட் சாக்ஸ் 2-1 என்று வென்றது. அந்த ஆண்டு உலகத் தொடரையும் அந்த அணியே வென்றது, 1917க்குப் பிறகு முதன்முறையாக. பந்து பிடிபடவில்லை என்று நடுவர் கருதும் நேரத்தில், பிடிக்கவில்லை என்பதைக் கைவிரித்துத் தனியாகக் காட்டுவதே தெளிவான முறை.

ஹோம் பிளேட்டில் ரன்னரும் பந்தும் ஒன்றாக வந்து சேரும்போது நடுவர் அவசரப்படக் கூடாது. கேட்சர் பந்தோடு ரன்னரைத் தொட்டிருக்கலாம். ஆனால் புழுதி அடங்குவதற்குள் பந்து நழுவி உருளலாம். அதனால் கையுறைக்குள் பந்து நிற்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகே முஷ்டி உயரும். இன்னொரு விசித்திரமான நிலையும் உண்டு. கேட்சர் ரன்னரைத் தொடத் தவறுகிறார், ரன்னரும் பிளேட்டைத் தொடத் தவறுகிறார். அப்போது நடுவர் எந்தச் சைகையும் தருவதில்லை. சேஃப் என்றால் ரன்னர் திரும்பி வர மாட்டார், அவுட் என்றால் அது பொய். அசையாமல் நிற்கும் நடுவரைப் பார்த்து எது பாக்கி என்று இருவரும் உணர்ந்து பாய்வார்கள். நடுவர் பணியில் மிகக் கடினமான சைகை இந்தச் சைகையின்மைதான்.

இரண்டு நடுவர்களின் சைகைகள் இணைந்தே ஒரு தீர்ப்பாகும் இடங்களும் உண்டு. 2013 அக்டோபர் 26, செயின்ட் லூயிஸ், உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸில் பாஸ்டன் ரெட் சாக்ஸும் கார்டினல்ஸும் 4-4. ஹோம் பிளேட்டில் ஒரு ரன்னரை அவுட் ஆக்கிய பாஸ்டன் கேட்சர், உடனே மூன்றாவது பேஸுக்கு எறிந்த பந்து தப்பிப் போனது. அதைத் தடுக்கப் பாய்ந்து தரையில் கிடந்த பாஸ்டனின் மூன்றாவது பேஸ் வீரர் வில் மிடில்புரூக்ஸின் கால்களில் தடுக்கி கார்டினல்ஸ் ரன்னர் ஆலன் கிரெய்க் விழுந்தார். மூன்றாவது பேஸ் நடுவர் ஜிம் ஜாய்ஸ் அந்தக் கணத்திலேயே தடையைக் கைநீட்டிச் சுட்டினார், ஆட்டத்தை நிறுத்தவில்லை. எழுந்து ஓடிய கிரெய்க் பிளேட்டைத் தொடுமுன் பந்து வந்துவிட்டது, கேட்சர் அவரைத் தொட்டும்விட்டார். ஆனால் பிளேட் நடுவர் டேனா டிமுத் கைகளை விரித்து சேஃப் என்றார், உடனே மூன்றாவது பேஸைச் சுட்டிக் காரணத்தையும் காட்டினார். தடை இல்லாவிட்டால் ரன்னர் பிளேட்டை எட்டியிருப்பார் என்பது விதிப்படியான கணிப்பு. கார்டினல்ஸ் 5-4 என்று வென்றது. தடை தொடர்பான தீர்ப்பில் முடிந்த முதல் உலகத் தொடர் ஆட்டம் அதுதான்.

மூன்றாவது அவுட் வேறொரு பேஸில் விழுவதற்கு முன் ரன்னர் பிளேட்டைத் தொட்டாரா என்பதும் பிளேட் நடுவரின் பொறுப்பு. தொட்டிருந்தால் பிளேட்டைச் சுட்டி ரன் செல்லும் என்பார், இல்லையென்றால் தலைக்கு மேல் கைகளைக் குறுக்காக வீசி மறுப்பார். இப்படி நேரலாம் என்று தெரிந்தால், பந்து வீசப்படுமுன்பே நடுவர்கள் மணிக்கட்டைத் தட்டித் தங்களுக்குள் நினைவூட்டிக்கொள்வதும் உண்டு.

2014 முதல் மேஜர் லீக்கில் பல வகைத் தீர்ப்புகளைக் காணொளியில் மறுபரிசீலனை செய்ய முடிகிறது. 2022 முதல் அதன் முடிவை நடுவர் ஒலிவாங்கியில் அறிவிக்கிறார். ஆனால் காணொளியில் தெளிவான ஆதாரம் கிடைக்காவிட்டால் களத்தில் முதலில் காட்டிய சைகையே நிலைக்கும். 2026 பருவத்துக்கு ஏற்கப்பட்ட முறையில் பேட்டரோ பிட்சரோ கேட்சரோ தலையைத் தட்டி, பந்து ஸ்டிரைக்கா பாலா என்பதைக் கணினிக் கண்காணிப்பிடம் முறையிடலாம். பாதியில் நின்ற மட்டைவீச்சு அந்த முறையீட்டுக்குள் வராது, அதற்கு இன்னும் பேஸ் நடுவரின் கையைத்தான் பார்க்க வேண்டும்.