தடைக்காலத்தில் நிற்கும் படகு: தீ விஷயத்தில் கொஞ்சம் உஷார்!

ஏப்ரல் 15 பிறந்துவிட்டால் நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் எல்லாம் கரைக்கு வந்துவிடும். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் ஜூன் 14 வரை 61 நாட்களுக்கு மீன்பிடித் தடை. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரைப் பகுதியில் இதே தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இந்த நாட்களில் காசிமேடு, நாகப்பட்டினம், தூத்துக்குடி என எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும் ஒரே காட்சிதான். படகோடு படகு உரசி நிற்கும். ஒரு பக்கம் வெல்டிங், ஒரு பக்கம் பெயின்ட், இன்னொரு பக்கம் வலை பின்னல்.

கடலுக்குப் போகாத படகுக்கு என்ன ஆபத்து வந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். தீயைப் பொறுத்தவரை நிலைமை தலைகீழ். கடலில் இருக்கும்போது படகில் ஆட்கள் இருப்பாங்க. லேசாகப் புகை வந்தாலே தெரிந்துவிடும். கரையில் நிற்கும்போது டீசல், சிலிண்டர், பேட்டரி, வலை எல்லாம் அப்படியே இருக்கும், பார்த்துக்கொள்ள ஆள் மட்டும் இருக்க மாட்டார்.

விசாகப்பட்டினத்தில் நடந்தது நினைவிருக்கலாம். 2023 நவம்பர் 19 நள்ளிரவை ஒட்டி அங்குள்ள மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு படகில் பிடித்த தீ, பக்கத்தில் நின்ற படகுகளுக்குத் தாவி, விடிவதற்குள் 30-க்கும் மேற்பட்ட படகுகளை எரித்தது. அது தடைக்காலம்கூட இல்லை. ஆனால் படகுகள் நெருக்கமாக நின்ற விதம் அதேதான். அணைக்காத சிகரெட் துண்டு ஒன்று பக்கத்துப் படகின் நைலான் வலையில் விழுந்ததே காரணம் என்று காவல்துறை பின்னர் தெரிவித்தது. எரிந்த படகுகளின் சொந்தக்காரர்களில் பெரும்பாலானவர்கள் அந்த நேரத்தில் அந்த இடத்திலேயே இல்லை. உங்கள் படகில் நீங்கள் எவ்வளவு கவனமாக இருந்தாலும், பக்கத்துப் படகின் அலட்சியம் உங்கள் பிழைப்பையும் சேர்த்துக் கொண்டுபோகும். அதனால் இந்தக் கட்டுரையை உங்கள் படகு வரிசையில் இருப்பவர்களுக்கும் அனுப்பிவிடுங்கள்.

எண்ணெயை விட ஆபத்து திரி

அகல் விளக்கில் வெறும் எண்ணெய்க்கு நேராகத் தீக்குச்சியைக் காட்டினால் சட்டென்று பற்றாது. திரி போட்டால் உடனே பற்றும். டீசலும் கிட்டத்தட்ட அப்படித்தான். டேங்கில் மூடியிருக்கும் டீசலை விட, டீசல் துடைத்துவிட்டு என்ஜின் ரூம் மூலையில் எறிந்த பனியன் வேஸ்ட்தான் முதலில் பற்றும். பழைய கயிறு, மரத்தூள், கிழிந்த வலை எல்லாமே திரிகள்தான். சாயங்காலம் வேலை முடிந்ததும் இவற்றை மூடியுள்ள இரும்பு டப்பாவில் போட்டுப் படகை விட்டு வெளியே எடுத்துவிடுங்கள். பெயின்ட்டில் லின்சீட் ஆயில் கலந்திருந்தால் இன்னும் கவனம் தேவை. அந்த எண்ணெய் ஊறிய துணியைக் குவித்துப் போட்டால், யாரும் தீ வைக்காமலேயே உள்ளே சூடேறிப் புகைய ஆரம்பிக்கும்.

அதிகம் கவனிக்க வேண்டியது வெல்டிங். பொறி காலடியில் விழுந்து அணைந்துவிடும் என்று நினைப்போம். உண்மையில் அது 35 அடி தூரம் வரை தெறிக்கலாம் என்று கணக்கு வைத்துத்தான் பாதுகாப்பு விதிகளை எழுதியிருக்கிறார்கள். வரிசையில் நிற்கும் படகுகளில் 35 அடி என்றால் இரண்டாவது படகின் மேல்தளத்தில் காயும் வலை வரைக்கும் வரும்! மீன் வைக்கும் ஐஸ் கிடங்கின் சுவரில் வெல்டிங் செய்யும்போது, தகட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும். குளிர் நிற்பதற்காக உள்ளே அடைத்திருக்கும் ஃபோம், வெளியே தெரியாமல் கனன்றுகொண்டே இருந்து, எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு எரியும். வேலை முடிந்ததும் ஒருவர் ஒரு மணி நேரமாவது அங்கேயே இருந்து பார்க்க வேண்டும் என்பது இதற்காகத்தான். வெல்டிங்காரருக்குக் கூலி பேசும்போதே அந்த ஒரு மணி நேரத்துக்கும் சேர்த்துப் பேசிவிடுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கக் காசா என்று தோன்றும். படகின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொன்று: ‘டேங்க் காலிதான், தைரியமாக அடிக்கலாம்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். காலி டேங்கில் டீசல் ஆவியும் காற்றும் கலந்து நிற்கும். சூடு பட்டால் வெடிக்கும். நன்றாகக் கழுவி, ஆவியை முழுதாக வெளியேற்றிய பிறகே அதில் கை வைக்க வேண்டும்.

பைபர் வேலை செய்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஹார்ட்னரையும் ஆக்ஸிலரேட்டரையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்காதீர்கள். வெடிக்கக்கூடிய கலவை அது. ஆக்ஸிலரேட்டரை முதலில் ரெசினில் கலக்கி, அதன் பிறகுதான் ஹார்ட்னர். மிச்சமான ரெசினை வாளியோடு அப்படியே வைத்தால் தானாகக் கொதித்துப் புகையும், அதுவும் அக்னி நட்சத்திர வெயிலில் சீக்கிரமே. படகுக்கு வெளியே, மணலில் பரப்பிவிடுங்கள்.

படகின் அடிப்பகுதி ஓர் அண்டா

சமையல் எரிவாயு காற்றை விடக் கனமானது. வீட்டில் கசிந்தால் கதவு வழியாகக் கொஞ்சமாவது வெளியேறும். படகில் அதற்கு வழியே இல்லை. அண்டாவில் தண்ணீர் தேங்குவது மாதிரி அடிப்பகுதியில் போய்த் தேங்கிவிடும். மேலே நிற்பவருக்கு வாடை தெரியாமலும் போகலாம். பத்து நாள் கழித்து வந்து, தண்ணீர் இறைக்கும் மோட்டாரின் சுவிட்சைப் போட்டால் அந்தச் சின்னப் பொறி போதும். பெட்ரோல் ஆவியும் இதே மாதிரி கீழேதான் இறங்கும். எனவே படகை நிறுத்தும் முதல் நாளே சிலிண்டரைக் கழற்றிக் கரைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால், இதைச் செய்யுங்கள். எரிவாயுக் கசிவு என்று சந்தேகம் வந்தால் 1906 என்ற எண்ணை அழைக்கலாம். சுவிட்சைத் தொடாமல், படகை விட்டு இறங்கி நின்று பேசுங்கள்.

பேட்டரியின் இணைப்பையும் கழற்றிவிட வேண்டும். சார்ஜ் போடுவதாக இருந்தால் கரையில், காற்றோட்டமான இடத்தில் போடுங்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளிவரும். அறைக்குள் போட்டுப் பூட்டிவிட்டுப் போகக் கூடாது.

தடைக்காலத்தில் மீன்வளத்துறை விசைப்படகுகளை நேரில் ஆய்வு செய்வது வழக்கம். பதிவுச் சான்று, என்ஜின், உயிர்காப்புச் சாதனங்கள் எல்லாம் பார்ப்பார்கள். அதற்காகப் படகைத் தயார் செய்யும்போதே தீயணைப்பானையும் பார்த்துவிடுங்கள். முள் பச்சையில் இருக்கிறதா? காலாவதி தேதி எப்போது? டீசல் தீக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, எரியும் எண்ணெய் மிதந்து பரவும். உலர் ரசாயனத் தூள் அல்லது நுரை தீயணைப்பான்தான் சரி. பின்னை இழுத்து, தீயின் அடிப்பகுதியைக் குறிவைத்து, அழுத்தி, இரு பக்கமும் வீச வேண்டும். இந்தச் சாதனம் பெரும்பாலும் என்ஜின் ரூமுக்குள்ளேயே மாட்டியிருக்கும். தீ அங்கேதான் பிடிக்கும் என்றால் அதை எப்படிப் போய் எடுப்பது? வாசலுக்கு வெளியே மாட்டுங்கள்.

தீ பிடித்துவிட்டால் முதலில் ஆட்கள் இறங்க வேண்டும். எரியும் படகின் கயிற்றை அவிழ்த்துக் கடலில் தள்ளிவிடலாம் என்றுதான் பதற்றத்தில் தோன்றும். விசாகப்பட்டினத்தில் அப்படித்தான் அவிழ்த்துவிட்டார்கள், காற்றும் நீரோட்டமும் அதைத் திரும்பக் கரைக்கே கொண்டுவந்து மற்ற படகுகள் மேல் சேர்த்துவிட்டதாகச் செய்திகள் வந்தன. பாதுகாப்பாகச் செய்ய முடிந்தால், காற்று வீசும் பக்கத்தில் இருக்கும் எரியாத படகுகளை விலக்குங்கள். தடை பொருந்தாத நாட்டுப்படகுகள் இதற்குக் கைகொடுக்கும். வரிசைக்கு இடையில் வழி விட்டு நிறுத்துவதும், இரவுக் காவலுக்கு முறை வைப்பதும் தனி ஆளால் ஆகாது. சங்கக் கூட்டத்தில் தடைக்காலம் தொடங்கும் முன்பே பேசி முடிக்க வேண்டியவை அவை.

தீயணைப்புத் துறைக்கு 101, எந்த அவசரத்துக்கும் 112. போன் செய்யும்போது ‘ஹார்பர்ல தீ’ என்று மட்டும் சொன்னால் வண்டி எந்த வாசலுக்கு வரும்? துறைமுகத்தின் பெயர், எந்தப் படகுத்தளம், அருகில் உள்ள ஏலக்கூடம் அல்லது ஐஸ் பேக்டரி, படகில் சிலிண்டர் இருக்கிறதா, யாராவது உள்ளே மாட்டியிருக்கிறார்களா என்று வரிசையாகச் சொல்லுங்கள். சொல்லி முடித்ததும் ஒருவரைத் துறைமுக வாசலுக்கு அனுப்பி, வண்டி உள்ளே வரும் பாதையில் நிற்கும் டூவீலர்களையும் மீன் லாரிகளையும் ஒதுக்கச் சொல்லுங்கள்.