கூரையைத் தாழ்த்திய காருக்கு முன்கண்ணாடி எப்படிப் பொருந்தும்?

அடி அண்ணாமலைப் பக்கம் கிரிவலப் பாதையில் பழைய அம்பாசடர் ஒன்று போனால் திரும்பிப் பார்க்கத் தோன்றும். அதன் தூண்களை அறுத்துக் கூரையைத் தாழ்த்தினால்? தகர வேலை ஒருவழியாக முடிந்துவிடும், சிக்கல் கண்ணாடியில்தான்.

பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் டஃபன்டு வகை. 600 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கி, காற்றடித்துச் சட்டென்று ஆறவைப்பார்கள். வெளிப்பரப்பு முதலில் இறுகிவிடும். பிறகு உள்பகுதி சுருங்கும்போது அதைப் பிடித்து இழுக்கும். ஆகவே வெளியே அமுக்கம், உள்ளே இழுவிசை. அமுக்க அடுக்கைத் தாண்டி வெட்டினால் மொத்தமும் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். அளவாக வெட்டிய பிறகுதான் அதைப் பதப்படுத்த முடியும்.

லாமினேட்டட் முன்கண்ணாடி வேறு ரகம்: இரண்டு கண்ணாடிகள், நடுவே பிளாஸ்டிக் படலம். பிரான்சின் எதுவார் பெனடிக்டஸ் 1909இல் காப்புரிமை பெற்ற யோசனை இது. இருபுறமும் ஒரே கோட்டில் கீறி, விரிசலை ஓடவிட்டு, படலத்தைச் சூடாக்கிப் பிளேடால் அறுக்கலாம். பழைய ஜீப்பின் தட்டைக் கண்ணாடிக்கு இது எளிது. வளைந்த கண்ணாடியில் விரிசல் கீறலை விட்டு விலகி ஓடிவிடும். அதனால் சிலர் கண்ணாடியைத் தொடாமல், தூண்களைப் பின்னோக்கிச் சாய்த்தே உயரத்தைக் குறைப்பார்கள். என் ஓட்டு இந்த வழிக்குத்தான்.

ஆனால் நம் ஊர்ச் சாலையில் அந்தக் காரை ஓட்ட ஆசைப்படாதீர்கள். தயாரிப்பாளர் தந்த அமைப்பை இப்படி மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்திருக்கிறது.