கிராம சபையில் பதினைந்து வயதுக்கும் ஓர் இடம்

கரியமில வாயு வெளியேற்றத்தை நிகர பூஜ்யத்துக்குக் கொண்டுவர சென்னை மாநகரம் குறித்துக்கொண்டிருக்கும் ஆண்டு 2050. இந்தியா முழுமைக்கும் அது 2070. இன்று பத்தாம் வகுப்பில் படிக்கும் மாணவிக்கு 2070-இல் ஏறத்தாழ அறுபது வயதாகியிருக்கும். இந்தத் திட்டங்களைத் தீட்டுகிறவர்களில் பலர் பார்க்கப்போகாத வெயிலையும் வெள்ளத்தையும் அவள் பார்த்தாக வேண்டும். ஆனால் அவளுடைய ஊரில் வரத்துக் கால்வாயைத் தூர்வாருவதா, தெருவுக்குச் சிமென்ட் போடுவதா என்று பேசும் கிராம சபையில் அவள் உறுப்பினர் இல்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர்களைக் கொண்டதுதான் சபை என்கிறது சட்டம். அவளுக்கு நாம் கொடுத்துவருவது ஓவியப் போட்டி, விழிப்புணர்வுப் பேரணி, ஜூன் 5-ஆம் தேதி நடுவதற்கு ஒரு மரக்கன்று. இவற்றில் தவறில்லை, ஆனால் எந்த முடிவும் இவற்றால் மாறுவதில்லை. பருவநிலை மாற்றத்தைத் தாங்கி நிற்கும் ஊர் வேண்டுமென்றால், திட்டம் தீட்டும் இடத்தில் பதின்பருவத்தினர் உட்கார வேண்டும். பேசுவதற்கு இடம், செலவிட ஒரு பங்கு நிதி, சொன்னதற்கு எழுத்தில் பதில் என மூன்றும் சேர்ந்து கிடைத்தால்தான் அதைப் பங்கேற்பு என்று சொல்ல முடியும்.

முதல் காரணம், அவர்களிடம் இருக்கும் அறிவு. பள்ளிக்கும் டியூஷனுக்கும் விளையாட்டுத் திடலுக்கும் நடந்தும் சைக்கிளிலும் ஊரைத் தினமும் அளப்பவர்கள் அவர்கள். எந்தத் தரைப்பாலம் ஒரு மணி நேர மழைக்கே மூழ்கும், எந்த மதகு குப்பையால் அடைபட்டிருக்கிறது, மே மாத மதியத்தில் எந்தப் பேருந்து நிறுத்தத்தில் ஒதுங்கக்கூட நிழல் கிடையாது என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பழைய மழைக் கணக்கை வைத்துப் போட்ட வடிகாலும் பாலமும் இனி போதாது என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று தேவையில்லை. கணக்கு பொய்க்கும் காலத்தில், தரையில் நடந்து பார்த்தவர்களின் அறிவுக்கு மதிப்பு கூடுகிறது.

ஜப்பானின் கமாய்ஷி நகரம் இதை உயிர் பிழைத்துக் காட்டியது. பேரிடர் ஆய்வாளர் பேராசிரியர் தோஷிதாகா கதாதாவின் வழிகாட்டலில் அங்குள்ள பள்ளிகளில் பல ஆண்டுகள் பயிற்சி நடந்தது. தாங்கள் நடக்கும் பாதைகளை வைத்து மாணவர்களே வரைபடம் வரைந்தார்கள்; அரசு வரைபடத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள் என்பது அவர்களுக்குச் சொல்லப்பட்ட முதல் பாடம். 2011 மார்ச் 11 அன்று நிலம் அதிர்ந்தபோது, உனோசுமாய் பகுதியின் நடுநிலைப் பள்ளி மாணவர்கள் அறிவிப்புக்குக் காத்திராமல் ஓடினார்கள். மாடிக்கு ஏறத் தொடங்கியிருந்த பக்கத்துத் தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் அதைப் பார்த்து இறங்கிவந்து சேர்ந்துகொண்டார்கள். குறித்துவைத்திருந்த முதல் இடத்தின் பின்னால் மலைச்சரிவு இடிந்து கிடந்தது. சின்னவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு பெரியவர்கள் இன்னும் மேலே ஏறினார்கள். அந்த இரண்டு பள்ளிகளும் ஆழிப்பேரலை எட்டாத பகுதியில் இருப்பதாக அரசு வரைபடம் சொல்லியிருந்தது. அலை இரண்டையும் மூழ்கடித்தது. ஓடிய மாணவர்கள் பிழைத்தார்கள்.

ஆழிப்பேரலை நிலநடுக்கத்தால் வருவது, தப்பி ஓடுவது வேறு, திட்டமிடுவது வேறு என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு விடை பிலிப்பைன்ஸில் இருக்கிறது. 2006 பிப்ரவரியில், நாள்கணக்கில் பெய்த மழைக்குப் பிறகு தெற்கு லெய்ட்டே மாகாணத்தின் கின்சாவுகோன் கிராமத்தின் மேல் மலை சரிந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஓர் ஆரம்பப் பள்ளியும் புதைந்துபோனது. அதே மாகாணத்தில் சாந்தா பாஸ் என்ற ஊரின் உயர்நிலைப் பள்ளியும் நிலச்சரிவு அபாயத்தில் இருப்பதாக அரசின் நிலவியலாளர்கள் சொன்னார்கள். பள்ளியை வேறிடத்துக்கு மாற்றுவதா, இருக்கும் இடத்திலேயே வைத்துக்கொள்வதா என்று ஊரில் வாக்கெடுப்பு நடந்தது; மாணவர்களுக்கும் அதில் வாக்கு இருந்தது. இடம் மாற்றத் தயங்கிய பெரியவர்கள் இருந்தார்கள். மாணவர்கள் ஆபத்தை எடுத்துச் சொல்லி ஆதரவு திரட்டினார்கள். மாற்றுவது என்ற முடிவே வென்றது; பாதுகாப்பான இடத்தில் பள்ளி எழுந்தது. மழை, மண், நிலப் பயன்பாடு, செலவு ஆகிய அனைத்தும் கலந்த முழுமையான திட்டமிடல் முடிவு அது.

அந்த நாட்டில் இதற்கு அடித்தளமும் இருக்கிறது. ஒவ்வொரு பரங்காயிலும், அதாவது நம் ஊராட்சி போன்ற கடைசி நிர்வாக அலகிலும், சங்குனியாங் கபத்தான் என்ற இளைஞர் மன்றம் உண்டு. பதினைந்து வயதிலேயே அதற்கு வாக்களிக்கலாம். பரங்காயின் பொது நிதியில் 10 சதவீதம் அந்த மன்றத்துக்கு. அதைச் செலவிட வேண்டிய துறைகளில் பருவநிலை மாற்றத்துக்குத் தகவமைவதையும் பேரிடர் அபாயக் குறைப்பையும் சட்டமே குறிப்பிடுகிறது.

இளைஞர் மன்றம் என்றால் அரசியல் குடும்பங்களின் பயிற்சிக்கூடமாகிவிடும் என்று சிலர் அஞ்சுவார்கள். பிலிப்பைன்ஸில் அதுதான் நடந்தது. வாரிசுகள் நுழைந்தார்கள், நிதி வீணானது, தேர்தல்கள் தள்ளிப்போடப்பட்டன. ஆனால் மன்றத்தைக் கலைத்துவிடுவது அவர்கள் கண்ட தீர்வாக இல்லை. 2016-இல் சட்டத்தைத் திருத்தி, பதவியில் இருப்பவர்களின் நெருங்கிய உறவினர் போட்டியிடத் தடை விதித்தார்கள். பொறுப்பேற்பவர்களுக்குப் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். நிதியைக் கையாளும் பொறுப்பு இருப்பதால் போட்டியிடும் வயதைப் பதினெட்டாக உயர்த்தினார்கள். வாக்களிக்கும் வயது பதினைந்தாகவே நீடிக்கிறது. அனுபவம் போதாது என்ற வாதத்துக்கும் இந்த ஏற்பாட்டிலேயே பதில் இருக்கிறது: கையெழுத்திடும் பொறுப்பு ஒரு வயதில், கருத்துச் சொல்லும் உரிமை அதற்கு முன்பே. பெரியவர்கள் கெடுத்து வைத்ததைச் சரிசெய்யும் சுமையைப் பிள்ளைகள் தலையில் ஏற்றுவதா என்ற கேள்வி இன்னும் கனமானது. ஏற்றக்கூடாது. கால்வாயை மீட்கும் கடமை ஊராட்சியுடையது, ஆட்சியருடையது. எந்தக் கால்வாய் என்று சுட்டிக்காட்டுவதும், வேலை நடந்ததா என்று கேட்பதும் மாணவர்களின் உரிமை. தேர்வு, மதிப்பெண் என்ற நெருக்கடியும் உண்மைதான். வரைபடம் வரைவதையும் மழை அளப்பதையும் புவியியல் பாடத்தின் செய்முறையாகவே வைத்துவிட்டால் தனிச் சுமை இருக்காது.

நமக்கு அருகிலேயே கர்நாடகம் குழந்தைகளுக்கென்று கிராம சபை நடத்துகிறது. குடிநீர், கழிப்பறை, தெருவிளக்கு என்று அங்கே குழந்தைகள் கோரிக்கை வைக்கிறார்கள். ஆண்டுக்கு ஒருநாள் கேட்டுக்கொண்டு கலைந்துவிட்டால் எந்தச் சபையும் சடங்காகிவிடும். தமிழ்நாடு ஒருபடி மேலே போகலாம். இங்கே ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. அவற்றில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். பிப்ரவரியில் ஒன்பது, பதினோராம் வகுப்பு மாணவர்கள் தங்கள் ஊரின் ஏரி, வரத்துக் கால்வாய், மதகு, தரைப்பாலம், நிழலில்லாத பாதை ஆகியவற்றை நடந்து பார்த்து வரைபடமாக்கட்டும். பள்ளியில் படிக்காத, வேலைக்குப் போகும் பதின்பருவத்தினரையும் சேர்த்துக்கொள்ளட்டும். வெயிலையும் வெள்ளத்தையும் முதலில் தாங்குகிறவர்கள் அவர்களே. மார்ச் 22 கூட்டத்தில் அந்த வரைபடம் முதல் பொருளாக எடுத்துக்கொள்ளப்பட வேண்டும். கிராம வளர்ச்சித் திட்டத்தில் சிறு பங்காவது அவர்கள் சுட்டும் வேலைக்கு ஒதுக்கப்பட வேண்டும். ஏற்காத ஒவ்வொரு பரிந்துரைக்கும் காரணத்தை எழுதி ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். நகரங்களில் பகுதி சபைகளுக்கும் இதே விதி பொருந்தும்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் புதிய சட்டம் வேண்டாம். சபையில் அவர்களுக்கு வாக்குரிமை தரும் நாள் பின்னால் வரட்டும். குழந்தைகளைப் பாதிக்கும் விஷயங்களில் அவர்கள் கருத்தைக் கேட்டு மதிப்பளிப்போம் என்று ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் இந்தியா 1992-இலேயே ஒப்புக்கொண்டது. வெள்ளமும் வறட்சியும் அவர்களைப் பாதிக்கும் விஷயம் இல்லையென்றால், வேறு எதுதான் பாதிக்கும்? அடுத்த மார்ச் 22 கூட்டத்துக்கு முன்பே ஊரக வளர்ச்சித் துறையும் பள்ளிக்கல்வித் துறையும் சேர்ந்து ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் வேலை தொடங்கிவிடும்.