குடில் இல்லாத நத்தார்



திருவருகைக் காலத்தின் மெழுகுதிரிகள் ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்றப்பட்டு வருகின்றன. ஆலயத்தில் ஓர் ஆயத்தம் நடைபெறுகின்றது. கடைத்தெருவில் வேறோர் ஆயத்தம் நடைபெறுகின்றது. புடைவைக் கடைகளிலும் கேக் விற்கும் இடங்களிலும் நெருக்கடி. நகை அடகு பிடிக்கும் இடங்களிலும் ஒரு வரிசை நீள்கின்றது. சில ஆண்டுகளுக்கு முன்னர் அந்த வரிசையில் அடியேனும் நின்றேன்.

மனைவியின் இரண்டு காப்புகளை அடகு வைத்து அந்த நத்தாரைக் கொண்டாடினோம். வீட்டிலுள்ள அனைவருக்கும் இரண்டு சோடிப் புத்தாடைகள், வீட்டு முகப்பு முழுவதும் மின்விளக்குகள், பெரிய கேக், வெடிக்கட்டுகள், உறவினர்களுக்கு விருந்து என எதிலும் குறையில்லை. ஆனால், நள்ளிரவுத் திருப்பலியில் வானவர் கீதம் முழங்கியபோது என் மனம் வட்டிக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. தை மாதத்தில் எங்கள் வீட்டில் எழுந்த சச்சரவுகளையும், அவற்றைக் கேட்டுக்கொண்டு பிள்ளைகள் மௌனமாக உணவருந்தியதையும் இன்றும் மறக்க முடியவில்லை.

அடுத்த திருவருகைக் காலம் பிறந்தபோதும் அந்தக் காப்புகள் மீட்கப்படவில்லை. ஒரு மாலை, செபமாலை முடிந்தபின் எங்கள் இளைய மகள் கேட்டாள்: "அப்பா, போன நத்தாருக்கு நாங்கள் குடில் வைக்கேல்லை என்ன?"

அவள் கூறியது உண்மை. அத்தனை பொருள்களை வாங்கிய நாங்கள், ஓடித்திரிந்த அவசரத்தில் குடில் அமைக்க மறந்துவிட்டோம். விருந்தினர் அனைவருக்கும் இடமிருந்த வீட்டில், விழாவின் நாயகனுக்கு இடமிருக்கவில்லை. பெத்லகேம் விடுதியில் இடம் கிடைக்கவில்லை என்று லூக்கா எழுதியதை ஆண்டுதோறும் கேட்கின்றோம். அந்த விடுதி எங்கள் வீடுதான் என்பதை ஒரு குழந்தையின் கேள்வி உணர்த்தியது.

மீட்பரின் பிறப்பில் எளிமை தற்செயலாக நேர்ந்ததன்று. குழந்தையைக் கோவிலில் அர்ப்பணித்தபோது மரியாவும் யோசேப்பும் செலுத்திய காணிக்கையை லூக்கா குறிப்பிடுகின்றார். ஆட்டுக்குட்டி கொடுக்க வசதியற்றவர்கள் இரு புறாக்களைக் கொடுக்கலாம் என்பது லேவியர் நூலின் ஒழுங்கு. திருக்குடும்பம் அந்த ஏழைகளின் காணிக்கையையே செலுத்தியது. தம்மிடம் இல்லாததை இருப்பதாகக் காட்ட அவர்கள் முயலவில்லை.

1223ஆம் ஆண்டில் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ், இத்தாலியின் கிரேச்சியோ என்னும் இடத்தில் முதன்முதலாகக் குடில் அமைத்தபோது அவர் தேடியவை வைக்கோலும், ஒரு மாடும், ஒரு கழுதையுமே. அதே கிரேச்சியோவுக்கு 2019 டிசம்பர் 1ஆம் திகதி சென்ற திருத்தந்தை பிரான்சிஸ், குடிலைப் பற்றிய திருமடலில் கையொப்பமிட்டார். பெற்றோரும் பேரன் பேத்திகளைக் கண்டோரும் தம் விசுவாசத்தைப் பிள்ளைகளுக்குக் கையளிக்கும் அழகிய வழி இது என அதில் நினைவூட்டினார்.

எமது மண்ணுக்கும் இது புதிய பாடமன்று. ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், 1687இல் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்தவர் புனித யோசேவ் வாஸ். 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில், இரகசியமாகத் திருப்பலிக்குக் கூடிய விசுவாசிகளைப் படையினர் சுற்றிவளைத்துச் சிறைபிடித்தனர். ஒளி அலங்காரமோ வெடியோசையோ அவர்களுக்கு இருக்கவில்லை. ஆயினும், அவர்களுடைய நத்தாரை எவரும் குறையுள்ளது என்று கூறமாட்டோம்.

மகளின் கேள்விக்குப் பின் குடும்பமாக அமர்ந்து பேசினோம். "சனம் என்ன சொல்லும்?" என்று மனைவி தயங்கினார். அப்போது என் தாயார், 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வின் பின் தென்மராட்சியில் ஒரு பாடசாலை மண்டபத்தில் கழித்த நத்தாரைப் பற்றிக் கூறினார். உடுபுடைவைப் பையினுள் துவாயால் சுற்றிப் பாலன் சுரூபத்தை அவர் எடுத்து வந்திருந்தார். போத்தல் விளக்கின் ஒளியில், பல குடும்பங்கள் அந்த ஒரே பாலனைச் சுற்றி நின்று பாடினார்களாம். "அண்டைக்கு ஒருத்தரும் உடுப்பைப் பாக்கேல்லை" என்றார் அம்மா.

அந்தச் சுரூபமே அவ்வாண்டு எங்கள் குடிலுக்கு வந்தது. பிள்ளைகள் சிரட்டைகளில் நெல் முளைக்கவிட்டார்கள். ஈர்க்கும் வண்ணத்தாளும் கொண்டு நட்சத்திரம் கட்டினார்கள். செய்த ஒவ்வொரு நற்செயலுக்கும் ஒரு வைக்கோலைத் தீவனத் தொட்டியில் இட்டார்கள். பயற்றம் பணியாரமும் முறுக்கும் எல்லோருமாகச் சேர்ந்து செய்தோம். தைப்பொங்கலுக்கு எங்களுக்குப் பொங்கல் அனுப்பும் இந்துச் சகோதரர்களின் வீடுகளுக்குப் பலகாரத் தட்டுகளைப் பிள்ளைகளே கொண்டு சென்றார்கள். ஒரு சோடி ஆடை போதுமென நிறுத்தி, மற்றச் சோடிக்கான பணத்தைப் பங்கிலுள்ள வின்சன் டி போல் சபையாரிடம் கொடுத்தோம். அனைவரும் ஒப்புரவு அருட்சாதனம் பெற்றோம். நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்தபின் இளைய மகள் பாலனைக் குடிலில் வைத்தாள். எவரும் எதையும் குறையென்று கூறவில்லை. அடுத்த ஆவணியில் காப்புகளும் வீடு திரும்பின.

பிள்ளைகளுக்குப் புத்தாடை வாங்குவதும் விருந்து செய்வதும் தவறல்ல; விழா மகிழ்ச்சிக்குரியதே. வறுமையும் தன்னளவில் பெருமைக்குரியதன்று. ஆனால், அயலவரின் பார்வைக்காக நாம் கடன்படும்போது, அந்தக் கடனை நம் பிள்ளைகளின் நிம்மதியால் அல்லவா அடைக்கின்றோம்? 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற நாம், எவை தேவை, எவை ஆசை என்பதை நன்கு கற்றிருக்கின்றோம். அந்தப் பாடத்தை மறந்துவிட வேண்டாம்.

இவ்வாரம் ஒரு மாலையில், செபமாலையின் பின் குடும்பமாக அமர்ந்து பேசுங்கள். கடையில் வாங்க வேண்டியவற்றை எழுதுவதற்கு முன்னர், குடில் அமைக்கும் இடத்தைத் தீர்மானியுங்கள்.

செபம்: தொழுவத்தில் பிறந்த பாலன் இயேசுவே, எமது வீட்டில் உமக்கு முதலிடம் தரவும், உள்ளதில் மகிழவும், இல்லாதவரோடு பகிரவும் எமக்கு வரமருளும். ஆமென்.