ஞாயிறு யாருக்கு?

"அப்பா, புலி நிஜமாவே மஞ்சளா இருக்குமா?"

கேட்டவள் ஏழு வயதுச் சிறுமி. கையிலே பாடப் புத்தகம், அதிலே ஒரு புலிப் படம். கேட்கப்பட்டவர் பாரிமுனையிலே மூட்டை தூக்கும் தோழர். இடம், புளியந்தோப்பிலே ஓர் ஒற்றையறை வீடு. நாள், ஞாயிற்றுக்கிழமை. கொடிக் கம்பத்துக்கு வண்ணம் பூச வேண்டுமென்று தோழரை அழைத்துப் போக வந்து வாசலிலே நின்றவன் நான்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை போய்ப் பார்க்கலாம் கண்ணு" என்றார் தோழர்.

"போன ஞாயித்துக்கிழமையும் இதையேதானே சொன்னே!" என்றாள் அவள்.

தோழர்களே! மாற்றாரின் கேள்விகளுக்கு மேடையிலே மணிக்கணக்கில் விடை சொல்லிப் பழகிய நாக்கு என்னுடையது. அந்தச் சின்னஞ்சிறு கேள்விக்கு முன்னால் அது அசையவில்லை. அவளுடைய ஞாயிற்றைக் களவாட வந்தவன் நானல்லவா?

பிள்ளைகளை ஊர் சுற்றிக் காட்டுவது காசுள்ளவன் பொழுதுபோக்கு, கஞ்சி குடிப்பவனுக்கு எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். அவர்கள் ஞாயிற்றின் கதை அறியாதவர்கள். 1881-இல் வெள்ளை அரசு ஓர் ஆலைச் சட்டம் போட்டது. ஏழு வயது நிறையாத பிள்ளையை ஆலைக்குள் விடாதே. ஏழு முதல் பன்னிரண்டு வயதுவரை உள்ள பிள்ளையிடம் நாளுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காதே என்றது அது. ஒன்பது மணி நேரம்! அதுவே சலுகையாம்! நம் பெண் புலியைப் பற்றிக் கேட்கும் வயதிலே, அன்றைய பிள்ளை பஞ்சுத் தூசுக்கு நடுவே நின்றது.

அந்த இருட்டை விரட்டியது யார்? 1918-இல், இதே புளியந்தோப்பு, பெரம்பூர் வட்டாரத்து பின்னி ஆலைத் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்டார்கள். 1923 மே முதல் நாளில், இந்தியாவிலேயே முதன்முறையாக மே தினம் கொண்டாடினார் சிங்காரவேலர். எங்கே? மாளிகையிலா, மண்டபத்திலா? உயர்நீதிமன்றத்துக்கு எதிரே கடற்கரையில், திருவல்லிக்கேணிக் கடற்கரையில்! எட்டு மணி உழைப்பு, எட்டு மணி உறக்கம், எட்டு மணி நமக்கு என்பதே உலகத் தொழிலாளர் அனைவரும் எழுப்பிய முழக்கம். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரம் 48 மணி நேரம், வாரத்தில் ஒருநாள் ஓய்வு என்று வரம்பு கட்டியது. அந்த ஒருநாள் யாரோ போட்ட பிச்சையல்ல. பாட்டன்மார் பட்டினி கிடந்து பெற்ற சொத்து. சொத்து பிள்ளைக்குப் போய்ச் சேர வேண்டாமா?

புலியும் ஒருகாலத்தில் பக்கத்திலேதான் இருந்தது. 1855-இல் எழும்பூர் அருங்காட்சியகத்திலே பால்போர் துரை தொடங்கிய மிருகக்காட்சி சாலை, பிறகு சென்ட்ரல் நிலையத்தை அடுத்த பீப்பிள்ஸ் பார்க்குக்கு வந்தது. புளியந்தோப்புத் தகப்பன் பிள்ளையைத் தோளில் வைத்து நடந்தே போய்ப் பார்த்தான். 1985-இல் அது வண்டலூர் போயிற்று. விலங்குகளுக்குக் காடு கிடைத்தது; நல்லதுதான். நம் பிள்ளைகளுக்கோ முப்பது கிலோமீட்டர் தூரம் கிடைத்தது!

கடலின் கதை இன்னும் கசப்பு. வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது என்று முழங்கியவர்கள் நாம். சென்னை நகருக்குள் அந்த முழக்கத்தைத் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. 1875-இல் துறைமுகத்துக்குக் கல் நாட்டினார்கள். தெற்கேயிருந்து கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலை அதன் சுவர் தடுத்தது. தடுத்த மணல் தெற்கே குவிந்து அகன்ற மெரினா ஆயிற்று. மணல் வராத வடக்கே ராயபுரம் முதல் கரையைக் கடல் தின்றது. அங்கே அழகு, இங்கே அரிப்பு! அங்கே சுண்டல், இங்கே பாறாங்கல்! துறைமுகத்துக்குத் தோள் கொடுத்தவன் பிள்ளைக்குக் காலாற நடக்க மணல் இல்லை.

அதற்காக அழுதுகொண்டு உட்காரலாமா? கூடாது. மெரினா யார் அப்பன் வீட்டுச் சொத்தும் அல்ல; போய் நில்லுங்கள். எழும்பூர் அருங்காட்சியகம் அருகிலே இருக்கிறது. வெள்ளிக்கிழமை விடுமுறை. பேசின் பிரிட்ஜில் ரயிலேறி சென்ட்ரலில் இறங்கி, எதிரே பார்க் நிலையத்தில் மின்சார ரயில் பிடித்தால் வண்டலூர். செவ்வாய் மட்டும் கதவு மூடியிருக்கும். ராயபுரம் ராபின்சன் பூங்காவுக்குப் போங்கள். 1949 செப்டம்பர் 18 அன்று கொட்டும் மழையிலே அண்ணா பேசிய இடம் இது என்று பிள்ளைக்குக் காட்டுங்கள். காட்டிவிட்டு விளையாட விடுங்கள். வரலாற்றுக்கு அதைவிட நல்ல மரியாதை இல்லை.

இன்னொன்று. வீட்டம்மாவை அடுப்படியிலே விட்டுவிட்டுப் புறப்படாதீர்கள். ஞாயிறு அவருக்கும் உண்டு. கட்டுச்சோற்றை நீங்கள் கட்டுங்கள், கை தேய்ந்துவிடாது!

உங்கள் வட்டத்துப் பூங்காவிலே விளக்கு எரிகிறதா, ஊஞ்சல் ஆடுகிறதா, கழிப்பறை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மாமன்ற உறுப்பினரைக் கேளுங்கள். நம்மவராக இருந்தால் இரண்டு மடங்கு உரக்கக் கேளுங்கள்!

அன்று கொடிக் கம்பம் காத்திருந்தது. நாங்கள் வண்டலூர் போனோம். திரும்பும் ரயிலிலே அந்தப் பெண் தகப்பன் தோளிலே தூங்கிவிட்டாள்.

"இந்தத் தோள்ல எத்தனையோ மூட்டை ஏறியிருக்குது தோழர், இறக்க மனசு வராத சுமை இது ஒண்ணுதான்" என்றார் அவர்.

கம்பத்துக்கு மறுநாள் மாலை வண்ணம் பூசினோம். கொடி ஒருநாள் பொறுக்கும் தோழர்களே; குழந்தைப் பருவம் பொறுக்காது!