கோடையில் மின்செலவைக் குறைக்க மாடிக்குச் சுண்ணாம்பு

சித்திரை, வைகாசி மாதங்களில் மின்விசிறி இரவும் பகலும் ஓடுகிறது. அப்படியும் கான்கிரீட் வீடுகளில் இரவு 10 மணிக்குக்கூடப் புழுக்கம் தணிவதில்லை. முதியவர்களும் கைக்குழந்தைகளும் தூக்கமின்றித் தவிக்கின்றனர். மின் கட்டணமும் ஏறிவிடுகிறது.

இதற்கு முக்கிய காரணம் மாடித் தளமே. பகலெல்லாம் வெயிலை வாங்கிக்கொள்ளும் தளம், பொழுது சாய்ந்த பின் அந்தச் சூட்டை அறைக்குள் இறக்குகிறது. மின்விசிறி காற்றை அசைக்குமே தவிர, அறையைக் குளிர்விக்காது. எனவே, சூடு உள்ளே புகுமுன் தடுப்பதே சிக்கனமான வழியாகும். வெள்ளை நிறத் தளம் வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும்.

சுண்ணாம்பு பூசும் முறை: தளத்தைப் பாசி, மண் இல்லாமல் தேய்த்துக் கழுவி, வெடிப்புகளைச் சிமெண்ட் கொண்டு அடைக்க வேண்டும். சுட்ட சுண்ணாம்பு 1 கிலோவுக்கு 5 லிட்டர் தண்ணீர் என்ற அளவில் நீற்றி, ஒரு நாள் ஊறவிட்டு, துணியில் வடிகட்ட வேண்டும். 10 லிட்டர் சுண்ணாம்புப் பாலுக்கு 40 கிராம் கோந்தை வெந்நீரில் கரைத்துச் சேர்த்தால் நன்கு ஒட்டும். தளத்தை நனைத்து, மாலை வேளையில் பூச வேண்டும். வெயிலில் பூசினால் சீக்கிரம் காய்ந்து உதிர்ந்துவிடும். ஒரு பூச்சு காய்ந்த பின் அடுத்தது என மூன்று பூச்சு கொடுப்பது நல்லது.

எச்சரிக்கை: நீற்றும்போது சுண்ணாம்பு கொதிக்கும். தண்ணீரில் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. குழந்தைகளை அருகில் விடக்கூடாது.

மேற்குச் சுவரும் சூட்டைக் கொண்டுவரும். அந்தப் பக்கம் பந்தலிட்டுத் தை மாதத்தில் பீர்க்கு, புடல் விதைத்தால், வெயில் முற்றும் வேளையில் நிழலும் காயும் கிடைக்கும். குளியல் தண்ணீரையே பாய்ச்சலாம். பகலில் வெயில் படும் ஜன்னல்களை மூடி, இரவில் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வைக்க வேண்டும்.

கணக்கு: 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட். 75 வாட் மின்விசிறி தினம் 16 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 72 யூனிட் ஆகும். வீடு குளிர்ந்து தினம் 4 மணி நேரம் நிறுத்த முடிந்தால் 18 யூனிட் மிச்சம். பழைய விசிறியை மாற்ற நேரும்போது 30 வாட் பி.எல்.டி.சி. விசிறி வாங்கினால், அதே 16 மணி நேரத்துக்கு 29 யூனிட்டே ஆகும். 60 வாட் குண்டு பல்புக்குப் பதில் 9 வாட் எல்.இ.டி. பல்பு போதும். யூனிட் கூடக் கூடக் கட்டண விகிதமும் கூடுவதால், குறைகிற ஒவ்வொரு யூனிட்டும் விலை உயர்ந்த யூனிட்டே.

சுண்ணாம்பு மழையில் கரையக் கூடியது. ஆகவே ஆண்டுதோறும் பங்குனிக்குள் பூசி முடித்துவிட வேண்டும்.