நேரத்தைப் பின்னும் கைகள்

அண்ணாமலை அடிவாரத்தில் கார்த்திகைத் தீபம் முடிந்து மார்கழிப் பனி இறங்கும் வேளையில், குழந்தையின் தலைக்குக் கம்பளிக் குல்லாய் தேடாத தாய் இல்லை. "கடையில் வாங்கலாம், சுவாமி, பின்ன நேரம் ஏது?" என்கின்றனர் நம் தாய்மார்கள். அதுவும் மெய்யே. அடுப்பும் அலுவலும் பிள்ளைகளின் பாடமும் பொழுதை விழுங்கிவிடுகின்றன.

ஆயினும், அன்பர்களே, ஊசியும் நூலும் ஆற்றிய பணியைச் சற்றே எண்ணிப் பாருங்கள். யோப்பா நகரில் தபித்தா இறந்தபோது, கைம்பெண்கள் அழுதவண்ணம் பேதுருவுக்குக் காட்டியவை அவர் செய்து கொடுத்த ஆடைகளே. நம் தமிழகத்தின் தென்கோடியான நாகர்கோவிலிலும், 1820களில் லண்டன் மிஷன் சங்கத்தைச் சார்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்பித்தார். அடிமைகளாயிருந்த பெண்கள் சிலர் அந்த வருவாயைக் கொண்டே தம் விடுதலையை விலைகொடுத்துப் பெற்றனர்.

வழி எளிது. ஒரு சாண் சதுரமாக 20 துண்டுகள் பின்னி, நான்குக்கு ஐந்தாக இணைத்தால் குழந்தைக்கு ஒரு போர்வை. மூன்று நாளுக்கு ஒரு துண்டு போதும். பேருந்துப் பயணத்திலும் பின்னலாம். அக்டோபர் நடுவில் தொடங்கினால் கிறிஸ்து பிறப்பு விழாவுக்குள் முடிந்துவிடும். பின்னத் தெரியாதோர், நம் பாட்டிமார் செய்ததுபோல, பழைய நூல் புடவையை மடித்துத் தைத்து விரிப்பாக்கலாம்.

இல்லை என்று நாம் சொல்லும் நேரமே அப்போது பரிசாகிறது. நாம் மறைந்தபின் ஒருவர் கண்ணீரோடு எடுத்துக் காட்டுவதும் அதுவாகவே இருக்கக்கூடும்.